காலி வண்டியின் எடை

துளசிராமன் ஏலத்தில் எடுத்துவந்த பட்டாளத்து லாரிக்குள் அவருடைய செத்துப்போன தம்பி தீனதயாளன் உட்கார்ந்திருக்கிறான் என்கிற விஷயம் நெல்லிமரப்பட்டு ஜனங்களுக்கு எடை மேடையில்தான் தெரியவந்தது. அதுவரை அது எல்லா லாரியையும்போலத்தான் இருந்தது. டெப்போவில் மழையிலும் வெயிலிலும் கிடந்த வண்டி என்றாலும் பேட்டரி மாற்றியதும் உறுமிக்கொண்டு கிளம்பி, மாநிலம் தாண்டி மாநிலம் ஓடி, ஊர் எல்லையில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு பிள்ளையார் கோயில் முன்னால் வந்து நின்றபோது, கேன்வாஸை விலக்கி எட்டிப்பார்த்த யாருக்கும் உள்ளே துருவையும் எலிப்புழுக்கையையும் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

நெல்லிமரப்பட்டு பட்டாளத்துக்கு ஆள் கொடுக்கிற ஊர். அங்கே நிலம் கல்லு, ஏரி வறட்டு ஏரி, ஆனால் பிள்ளைகளுக்கு மார்பு மட்டும் எப்படியோ அகலமாக விரிந்துவிடும். பதினெட்டு முடிந்ததும் ஓடிக்காட்டி, குதித்துக்காட்டி, வடக்கே போய்ச் சேர்ந்துவிடுவார்கள், சிலர் பென்ஷனோடு திரும்புவார்கள், சிலர் கொடி போர்த்திய பெட்டியில் திரும்புவார்கள், பெட்டி வந்த வீட்டிலிருந்தும் அடுத்த பிள்ளை போவான். துளசிராமன் பென்ஷனோடு திரும்பியவர்; பட்டாளத்தில் டிரைவர். தம்பி தீனதயாளன் பெட்டியில் திரும்பியவன். தம்பி பெண்டாட்டி அஞ்சலாட்சி, அவன் போனதற்கு வந்த பணத்தைத் தொடவே அருவருத்துக் கிடந்தவள், கடைசியில் "வண்டி வாங்குங்க மாமா, ரெண்டு வூடும் பொழைக்கட்டும்" என்று சொல்லி, அதனால் லாரியில் பாதி அவளுடையது ஆயிற்று.

பட்டாளத்து வண்டியை ஊர் வண்டியாக மாற்றுவது லேசான காரியம் இல்லை. அங்கே இருந்தவரை அதற்கு ஆர்.சி. கிடையாது, வரி கிடையாது, எந்தச் சோதனைச் சாவடியிலும் யாரும் கை காட்டி நிறுத்தியது கிடையாது. ஊருக்குள் வந்துவிட்டாலோ பேர் வைக்காத பிள்ளை மாதிரி அதை வாசல் தாண்ட விட மாட்டார்கள். முதலில் அந்தப் பச்சை போக வேண்டும், ஏனென்றால் அந்தப் பச்சையில் குடிமக்கள் வண்டி ஓட்டக் கூடாது. துளசிராமன் சுரண்டிச் சுரண்டி மஞ்சள் அடித்தார். நம்பர் பலகையில் இருந்த பட்டாளத்து அம்புக்குறி போக வேண்டும், அதையும் அழித்தார். சேசிஸில் குத்தியிருந்த எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்தார். எல்லாம் முடிந்த பிறகு, காலி வண்டி எவ்வளவு கனம் என்று நிறுத்துச் சீட்டு வாங்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

நெடுஞ்சாலையோரம் எடை மேடை வைத்திருந்த சபாபதி வழக்கம்போல ஜன்னல் வழியே தலையை நீட்டி, "ஆள் எறங்குங்க" என்றான். துளசிராமன் இறங்கினார். அஞ்சலாட்சி இறங்கினாள். சபாபதி திரையைப் பார்த்துவிட்டு, "இன்னோர் ஆளு யாரு, எறங்கச் சொல்லுங்க" என்றான். டெப்போவில் கொடுத்த தாளில் இருந்ததைவிட சரியாக ஓர் ஆள் கனம் கூட இருந்தது. டீசலை இறக்கிப் பார்த்தார்கள், ஸ்டெப்னியைக் கழற்றிப் பார்த்தார்கள், சபாபதியின் மேடைமேல் சந்தேகப்பட்டு சர்க்கரை ஆலை மேடைக்கு ஓட்டிப்போய் அங்கேயும் நிறுத்தார்கள். எங்கே போனாலும் அந்த ஆள் கூடவே வந்தான்.

வண்டி பின்பக்கம் இடது மூலையில் கொஞ்சம் சாய்ந்து நிற்பதை முதலில் பார்த்தவள் அஞ்சலாட்சிதான். தீனதயாளனுக்குப் பட்டாளத்தில் சேர்ந்து எத்தனை வருஷம் ஆகியும் வண்டியில் போனால் வாந்தி வரும். டவுன் பஸ்ஸானாலும் சரி, படைவண்டியானாலும் சரி, பின்பக்கம் இடது ஓரத்தில், காற்று முகத்தில் அடிக்கிற இடத்தில்தான் உட்காருவான். அவள் பின்கதவில் காலை வைத்து ஏறி, அந்த மூலையில் கையை வைத்துப் பார்த்தாள். பலகை சூடாக இருந்தது.

"இவருதான்" என்றாள், பஸ்ஸிலிருந்து இறங்கும் கூட்டத்தில் தன் ஆளைக் காட்டுகிற மாதிரி.

சபாபதி "அப்படியா" என்றான். துளசிராமன் மைல்கல்லில் போய் உட்கார்ந்துகொண்டார், ஆச்சரியப்படவேண்டிய அந்த மனுஷன் ஆச்சரியப்படாமல் தலையைக் குனிந்துகொண்டதுதான் அஞ்சலாட்சிக்கு உறைத்தது.

"மாமா, அப்ப பொட்டியில வந்தது யாரு?"

"பொட்டி அன்னைக்கே லேசாத்தாம்மா இருந்துச்சு" என்றார் துளசிராமன், நிமிராமலேயே. "தூக்கன நாலு பேருக்கும் தெரியும்."

"தெரிஞ்சிக்கினேவா பொதைச்சீங்க?"

"தொறக்கக் கூடாதுன்னுட்டாங்க. நீ வேற பொட்டியக் கட்டிப்புடிச்சிக்கினு உழுந்து கெடந்த. உன்கிட்ட எப்படிச் சொல்றது, சொல்லு."

ஆறு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் எண்ணெய் ஊற்றி விளக்கேற்றியது பலகைக்கும் ஆணிக்குந்தான் என்பதும், அந்த நாலு பேரும் தினமும் அவள் முகத்தைப் பார்த்து "சாப்ட்டியாம்மா" என்று கேட்டுக்கொண்டே இதை வயிற்றுக்குள் வைத்திருந்தார்கள் என்பதும் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் செத்த மலைக்குமேல் உடம்பு எங்கே கிடந்ததோ, அது எந்த வண்டியில் ஏறி, எத்தனை முகாம் சுற்றி, எந்த டெப்போவில் மழையில் நனைந்து கிடந்ததோ. அன்று முதல் அவள் மூத்தார் துளசிராமனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள், லாரியோடு பேச ஆரம்பித்தாள்.

ஊர் இதை இரண்டே நாளில் பழகிக்கொண்டது. எதைத்தான் பழகவில்லை அந்த ஊர்? வேலைக்குப் போகிற பெண்கள் லாரியைத் தாண்டும்போது "இன்னா தீனா, வெயிலா கீதா" என்று கேட்டுவிட்டுப் போனார்கள், அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தவர்கள் ஒரு கிண்ணம் கொண்டுவந்து பின்கதவில் வைத்தார்கள், வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்தவர் லாரியைச் சுற்றிவந்து யோசித்துவிட்டுப் பேசாமல் போனார், சாப்பாட்டு வேளைக்குப் பிறகு எடை ஓர் இம்மி கூடுகிறது என்று சிலர் சத்தியம் செய்தார்கள், சபாபதியின் மேடை இம்மியெல்லாம் காட்டக்கூடியது இல்லை என்பது வேறு விஷயம். பெட்டி வந்த மற்ற வீட்டுக்காரர்களும் வந்தார்கள். கிழவர் முனிரத்தினம் தினமும் காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்து, தன் மகன் போன வண்டியும் இதே மாதிரி வண்டிதான் என்றும், உள்ளே தீனாவுக்குப் பக்கத்தில் அவனும் இருக்கிறானா என்று கொஞ்சம் கேட்டுச் சொல்லும்படியும் அஞ்சலாட்சியிடம் கெஞ்சுவார். அவள் ஏறிப்போய்த் தடவிப் பார்ப்பாள். மற்ற இடமெல்லாம் சில்லென்று இருக்கும், அதைக் கிழவரிடம் அவள் ஒளிக்காமல் சொல்லிவிடுவாள், மறைக்கிற வேலை தன்னிடம் கிடையாது என்பாள், கிழவர் அழுதுகொண்டே போய் மறுநாள் திரும்பவும் வருவார்.

வண்டியைப் பதிய வேண்டிய ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. வண்டியைச் சுற்றிவந்து, ஹாரன் அடித்து, விளக்குப் போட்டு, எல்லாம் சரி என்று தலையாட்டி, எடைச் சீட்டையும் டெப்போத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர், விஷயத்தை முழுசாகக் கேட்டுக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவர் இருக்கிறதுல எனக்கு ஆட்சேபம் இல்லைம்மா. ஆனா காலி வண்டின்னா காலியா இருக்கணும். ஆள் உட்கார்ந்திருக்கிற வண்டியைக் காலின்னு நான் எப்படி எழுதுறது?"

"அப்ப ஆளுன்னே எழுதுங்க சார்" என்றாள் அஞ்சலாட்சி.

"ஆள்னு எழுதினா உயிரோட இருக்கார்னு ஆயிடும். உங்க பென்ஷன் நிக்கும், இதுவரைக்கும் வாங்கினதைத் திருப்பிக் கேப்பாங்க. சரி, சரக்குன்னு எழுதலாம்னா, பட்டாளத்து வண்டியில கிடந்த சரக்கு பட்டாளத்துக்குத்தான் சொந்தம், கொண்டுபோய் ஒப்படைக்கணும். ரெண்டும் இல்லைன்னா அவர் இறங்கணும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "தற்காலிகப் பதிவு முடியறதுக்குள்ள பண்ணுங்க. அப்புறம் வண்டியைப் பிடிச்சுக் கட்டிடுவாங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. செத்தவனுக்கு ஒரு தாள் கொடுத்தவர்கள், அவன் எங்கே இருக்கலாம் என்பதற்கு ஓர் இடம் கொடுக்கவில்லை. அவள் வண்டியை ஓட்டவிடாமல் பின்கதவில் உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலமானால் அங்கேயே சாப்பிட்டாள், அங்கேயே அரிசி புடைத்தாள், ஊர்க்கதையெல்லாம் சொன்னாள், சூடான பலகைமேல் தோள் சாய்ந்து கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள், கல்யாணமாகி அவன் லீவில் வந்துபோன நாளையெல்லாம் கூட்டினாலும் இவ்வளவு நாள் சேர்ந்தாற்போல அவனோடு இருந்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நாட்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள், அதைச் சொல்ல என்ன வெட்கம்.

அவளுடைய ஓரகத்தி, துளசிராமன் பெண்டாட்டி வேதவல்லி, பொறுத்துப் பார்த்தாள். வேதவல்லியின் மகன் லோகு போன வருஷம்தான் பட்டாளத்தில் சேர்ந்திருந்தான். அவன் வருவதற்குள் வீட்டுக்கு மேல்தளம் போட வேண்டும், பெண் பார்க்க வேண்டும் என்று அவள் மனக்கணக்கு முழுக்க அந்த லாரியின் சக்கரத்தில் கட்டியிருந்தது. ஒருநாள் தண்ணீர்க் குடத்தை நடுத்தெருவில் வைத்துவிட்டு லாரியைப் பார்த்துக் கத்தினாள்.

"செத்தவன் வண்டியில குந்திக்கினு கீறான், உயிரோட கீறவங்க வூட்ல குந்திக்கினு கீறோம்! இன்னாடி நாயம் இது? பொணத்துக்கு லாரி எதுக்குடி?"

"உனுக்குப் புருசன் கீறாரு, புள்ள கீறான், நீ பேசுவ" என்றாள் அஞ்சலாட்சி.

"எனுக்கு கீறாங்கன்றதுக்காக நான் பட்டினி கெடக்கணுமா?"

இரண்டு வீட்டு அடுப்பும் அந்த வண்டியை நம்பித்தான் இருந்தது, தன்னுடையதையும் சேர்த்து என்பதை அஞ்சலாட்சி அறிவாள். புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, சரி, அவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே போய்விடலாம் என்று முடிவு செய்தாள். வீட்டைக் கழுவி, கட்டிலைத் தட்டிப்போட்டு, புதுப் போர்வை விரித்தாள்.

கெடு முடிகிற அன்று எடை மேடையில் ஊரே கூடியது, பிரேக் இன்ஸ்பெக்டரும் வந்திருந்தார். முதலில், பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற கோதண்டம் மீசையை நீவிக்கொண்டு முன்னால் வந்து, வயிற்றை எக்கி, இந்தியில் இறங்கும்படி உத்தரவு போட்டார். நெடுஞ்சாலையில் போன ஒரு சைக்கிள்காரர் இறங்கிவிட்டார். திரையில் ஒன்றும் மாறவில்லை. அடுத்து அஞ்சலாட்சி பின்கதவில் ஏறி, "வா, வூட்டுக்குப் போலாம், கட்டில் போட்டு வெச்சிகீறேன்" என்று கொஞ்சிக் கூப்பிட்டாள். அவள் ஏறிய எடை கூடியதே தவிர எதுவும் குறையவில்லை.

"வர மாட்டாம்மா" என்றார் கோதண்டம், குரல் இறங்கி. "லீவு சாங்ஷன் ஆவாம சிப்பாய் வூட்டுக்கு வர மாட்டான். அவன் இன்னும் டூட்டியில கீறான். செத்தது அவனுக்குத் தெரியாது. யாரும் சொல்லல."

தந்தியில் அஞ்சலாட்சிக்குச் சொன்னார்கள், தாசில்தாருக்குச் சொன்னார்கள், பத்திரிகைக்குச் சொன்னார்கள், கல்வெட்டில் செதுக்கினார்கள், சம்பந்தப்பட்டவனுக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அதைச் சொல்லக் கடமைப்பட்ட பெரிய மனுஷர்கள் அத்தனை பேரும் விட்டுவிட்ட வேலை நெல்லிமரப்பட்டில் ஒரு பொம்பிளைக்காகக் காத்திருந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், வேதவல்லி மட்டும் தரையைப் பார்த்தாள்.

அஞ்சலாட்சி அந்த மூலையில் உட்கார்ந்தாள். முந்தானையால் பலகையைத் துடைத்துவிட்டாள்.

"இதோ பாருய்யா" என்றாள். "ஆறு வருசம் முன்ன ஒரு பொட்டி வந்துச்சி. உன் பேர் போட்டிருந்துச்சி. கொடி போத்திக்கினு வந்தாங்க, துப்பாக்கி சுட்டாங்க, எல்லாரும் அழுதாங்க. நான் அது மேல உழுந்து அழுதேன். அது நீதான்னாங்க, நான் நம்பிட்டேன். நீ லீவுக்குக் காத்துக்கினு கீற போலகீது. லீவு இல்லய்யா. நீ செத்துட்ட. எப்பவோ செத்துட்ட. உன்கிட்ட சொல்லாம உட்டுட்டாங்க, நான் சொல்றேன், எறங்கு."

ஜன்னலில் சபாபதி வாயைப் பொத்திக்கொண்டான். எடை சட்டென்று இறங்கவில்லை. ஒரு நாள் நடந்து களைத்தவன் முதுகு மூட்டையை அவிழ்த்து, பெல்ட்டைக் கழற்றி, குனிந்து பூட்ஸ் கயிற்றைத் தளர்த்துகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பலகை சில்லிட்டு, இடது மூலை மேலே எழும்பி, டெப்போத் தாளில் இருந்த எண்ணுக்குமேல் அவள் எடை மட்டும் மிஞ்சி நின்றது. அவளும் இறங்கி நின்றாள், டெப்போ எண் சரியாக வந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். அன்று வீட்டில் கட்டில் போட்டபடி கிடந்தது, யாரும் வந்து படுக்கவில்லை, அவன் எந்தப் பக்கம் போனான் என்று சொல்ல ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

லாரிக்கு நம்பர் கிடைத்தது. துளசிராமன் செங்கல் ஏற்றினார், ஜல்லி ஏற்றினார், இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிந்தது, வேதவல்லி வீட்டுக்கு மேல்தளம் போட்டார்கள். முனிரத்தினம் வருவதை நிறுத்திக்கொண்டார். அஞ்சலாட்சி ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, இனிமேல் எந்தப் பெட்டி வந்தாலும் எடை மேடையில் ஏற்றாமல் ஊருக்குள் விடக் கூடாது என்றாள். லாரியை நிறுத்துப் பார்த்து வாங்குகிறவர்கள் மனுஷனை நிறுக்காமல் வாங்கினது போதும் என்றாள். பெற்றவளுக்கும் கட்டினவளுக்கும் உள்ளது உள்ளபடி தெரியட்டும் என்றாள். பெட்டி தூக்கிப் பழகிய ஆண்கள் பின்வரிசைக்கு நகர்ந்துகொண்டார்கள். முதலில் கையைத் தூக்கியவள் வேதவல்லி.

அந்த வழக்கம் வந்தபிறகு ஊருக்கு வந்த முதல் பெட்டி லோகுவுடையது.

கூட வந்த அதிகாரி இளம்பிள்ளை, தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தான். இப்படி நிறுக்க விதியில்லை என்று இந்தியில் சொன்னான். கோதண்டம் அவனுக்கு முன்னால் விறைப்பாக நின்று, விதியில் இல்லாததால்தான் ஊர் வழக்கத்தில் வைத்திருக்கிறோம் என்று பதில் சொன்னார். பெட்டியை மஞ்சள் லாரியில் ஏற்றினார்கள். வேறு யாரையும் ஓட்டவிடாமல் துளசிராமனே ஓட்டிக்கொண்டுபோய் மேடைமேல் நிறுத்திவிட்டு, இறங்கித் தள்ளிப்போய், மேடையைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டார். வேதவல்லி மேடையோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு இன்னும் அழுகையே வந்திருக்கவில்லை.

"அஞ்சலா, நீ போய்ப் பாருடி" என்றாள். "நீதான் மறைக்க மாட்ட. நீ பாத்துச் சொல்லு."

அஞ்சலாட்சி சபாபதியின் அறைக்குள் போனாள். காலி வண்டியின் எண் அவளுக்கு மனப்பாடம். திரையில் அந்த எண்ணும், அதற்குமேல் பலகைக்கும் ஆணிக்கும் கொடிக்கும் எவ்வளவு ஆகுமோ அவ்வளவும் மட்டுமே இருந்தது. சபாபதி அவள் முகத்தைப் பார்த்தான். சீட்டு எடுக்கப் போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். கண்ணாடிக்கு வெளியே வேதவல்லி இரண்டு கையையும் தரையில் ஊன்றி, பாதி எழுந்த நிலையில், இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அஞ்சலாட்சி மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"இன்னாடி காட்டுது? எம்புள்ள கீறானா?"

"கீறான்க்கா" என்றாள். "முழுசா கீறான்."

துளசிராமன் திரும்பி அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். வேதவல்லி தலையைத் தலையை ஆட்டி, "முழுசா கீறான், எம்புள்ள முழுசா வந்துட்டான்" என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லி, மாரில் அடித்துக்கொண்டு, அத்தனை நேரம் வராத அழுகையை அழ ஆரம்பித்தாள். எடை மேடையிலிருந்து ஊருக்குத் தோளில்தான் கொண்டுபோக வேண்டும். நாலு பேர் லாரியில் ஏறிப் பெட்டியின் நாலு மூலையிலும் கை கொடுத்தார்கள், கொடுத்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு நாலு பேரும் ஒரே நேரத்தில் முழங்காலை மடக்கி, பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து அதைத் தூக்கினார்கள்.

"பாத்துப் புடிங்கப்பா, நல்ல கனம்" என்றான் முன்னால் இருந்தவன், வேதவல்லிக்குக் கேட்கும்படி உரக்க.